யார்க்ல ரெண்டு நாள்: அப்பாவுக்கு முட்டி வலி, அம்மா முட்டை தொடமாட்டாங்க, நடுவுல ஒரு ஆஃப்டர்நூன் டீ

மேலோட்டமா பார்த்தா நீங்க கேட்டிருக்கறது "ரெண்டு நாளைக்கு யார்க் ஒர்த்தா"ன்னு தான், ஆனா முழுசா படிச்சா விஷயம் வேற. ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அப்பா பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரியில வேலை பாத்து ரிடையர் ஆனவர், முட்டி வலியால ரொம்ப நடக்க முடியாது. அம்மா சுத்த சைவம், கேக்ல முட்டைன்னு தெரிஞ்சா தட்டையே தள்ளி வெச்சிடுவாங்க. லண்டன்ல இருந்து செப்டம்பர்ல ஒரு ராத்திரி தங்கற மாதிரி போகணும், மூணடுக்கு தட்டுல வர்ற ஆஃப்டர்நூன் டீ ஒரு தடவையாவது அம்மாவுக்கு வாங்கிக் குடுக்கணும்னு உங்களுக்கு ஆசை, ஆனா அங்க போய் உக்காந்து அம்மா வெறும் தண்ணியைக் குடிச்சிட்டு எந்திரிக்கற மாதிரி ஆயிடுமோன்னு பயமும் இருக்கு. கூடவே பாக்க வேண்டிய இடம்னு நீளமா ஒரு லிஸ்ட் போட்டு எதை விடலாம்னு கேட்டிருக்கீங்க, கடைசியில அம்மா சேலையில வந்தா ஓகேவான்னும் ஒரு வரி. ஆக பெரியவங்களை இழுத்தடிக்காம, பட்டினி போடாம, சந்தோஷமா கூட்டிட்டு வர்றது எப்படின்னு தான் கேக்கறீங்க. அதுக்கு பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் கேட்டரிங் காலேஜ் முடிச்சிட்டு இங்க யார்க்ஷயர் பக்கம் ஹோட்டல் பேஸ்ட்ரி கிச்சன்ல வருஷக்கணக்கா வேலை பாத்தவன். ஸ்கோன்னு சொல்ற சின்ன பன் மாதிரி ஒண்ணு போடறது, சாண்ட்விச் ஓரம் வெட்டறது, யாருக்கு என்ன ஆகாதுன்னு எழுதின சீட்டைப் பாத்து தனித் தட்டு அடுக்கறது, இது தான் பொழப்பே. அதனால சாப்பாட்டைப் பத்தி நான் சொல்றதை தைரியமா எடுத்துக்கோங்க. சரித்திரம், கட்டடம் இதெல்லாம் வர்ற சொந்தக்காரங்களை கூட்டிட்டுப் போய் கூட்டிட்டுப் போய் தெரிஞ்சுக்கிட்டது தான், அதுல ஆழமா வேணும்னா இங்க இருக்கற பெரிய சர்ச், யார்க் மின்ஸ்டர்லயே தன்னார்வ கைடுங்க இருக்காங்க, அவங்களைப் பிடிச்சிக்கோங்க, பேச்சு குடுத்தா விடமாட்டாங்க.

முதல் விஷயம், இது புரிஞ்சா பாதி பிளான் தானா வந்துடும். முக்கால்வாசி பேர் ஊர் சுத்தறதுக்கு பிளான் போட்டுட்டு டீயை கடைசியா ஒரு மூலையில சொருகுவாங்க. மதியம் ஒரு மணிக்கு வயிறு முட்ட லஞ்ச், நாலு மணிக்கு டீ புக்கிங், அப்புறம் மூணு தட்டையும் பாத்து திணறி பாதியை மிச்சம் வெச்சிட்டு "இதுக்கா இவ்ளோ காசு"ன்னு புலம்பிக்கிட்டு வெளிய வருவாங்க. கிச்சன்ல திரும்பி வர்ற தட்டைப் பாத்தாலே தெரியும், மேல் தட்டு கேக் அப்படியே இருக்கும். இதுக்கு டீன்னு பேர் இருந்தாலும் ஸ்நாக்ஸ் இல்லங்க, இது ஒரு முழு சாப்பாடு, அன்னிக்கு மதிய சாப்பாடே இது தான்னு முடிவு பண்ணிடுங்க. ஒரு மணி, ஒண்ணரை மணி வாக்குல டேபிள் போடுங்க, அதை நடுவுல வெச்சு முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு பிரிச்சுக்கோங்க. அப்பா முட்டிக்கும் இது தான் நல்லது, ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல நல்ல நாற்காலி, கதகதப்பான ரூம், பக்கத்துல பாத்ரூம், வெளிய மழை பெஞ்சாலும் கவலை இல்ல.

நாள் எதுன்னு கேட்டா ஞாயிறு திங்கள். சனிக்கிழமை யார்க் ஒரு மாதிரி இருக்கும், கல்யாணத்துக்கு முன்னாடி பார்ட்டி பண்ண வர்ற கும்பல், குதிரை ரேஸ் கும்பல் எல்லாம் சேர்ந்து தெரு நிரம்பி வழியும், ஹோட்டல் ரேட்டும் ஏறி நிக்கும். ஞாயிறு ராத்திரி ரேட் பெரும்பாலும் இறங்கிடும். ஒரே தொல்லை, ஞாயித்துக்கிழமைல தண்டவாள வேலைன்னு ரயிலை சுத்தி விடுவாங்க, சில சமயம் பாதி வழிக்கு பஸ்ஸே விடுவாங்க, அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்த தேதிக்கு நேரத்தைப் பாருங்க. சாதாரணமா கிங்ஸ் கிராஸ்ல இருந்து ரெண்டு மணி நேரம் தான். அப்பா அம்மாவுக்கு 60 தாண்டியிருந்தா சீனியர் ரயில்கார்டு வாங்கிடுங்க, இங்க குடியிருக்கணும்னு இல்ல, ஸ்டேஷன் கவுண்டர்ல பாஸ்போர்ட் காட்டினா போதும், டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறையும். அப்பாவுக்கு ஸ்டேஷன்ல வீல்சேர் உதவி வேணும்னாலும் முன்கூட்டியே கேட்டு வெக்கலாம், அதுக்கு காசு கிடையாது, தயங்காதீங்க. நாலு பேர் எதிரெதிரா உக்கார்ற டேபிள் சீட்டா பாத்துப் போடுங்க, புளியோதரை டப்பாவைத் திறக்க வசதியா இருக்கும். சிரிக்காதீங்க, அதையும் கட்டிக்கிட்டுப் போகத்தான் சொல்றேன். முதல் நாள் மதியத்துக்கு அது தான் சாப்பாடு.

முதல் நாள் அப்பாவோட நாள்னு வெச்சுக்கோங்க. ஸ்டேஷன்ல இறங்கின உடனே நிமிர்ந்து பாக்கச் சொல்லுங்க, 1877ல திறந்த ஸ்டேஷன், இரும்பு வளைவுக் கூரை தண்டவாளத்தோட சேர்ந்து வளைஞ்சு போகும், அந்த வேலைப்பாடு கண்ணுல பட்டா அவரு பிளாட்ஃபாரத்தை விட்டே நகரமாட்டாரு. பையை ஹோட்டல்ல போட்டுட்டு நேரா நேஷனல் ரயில்வே மியூசியம், ஸ்டேஷனுக்கு அடுத்தாப்லயே இருக்கு, அனுமதி இலவசம், ஆன்லைன்ல சீட்டு மட்டும் எடுத்து வெச்சுக்கோங்க. 1938ல மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் வேகத்துல போய் நீராவி எஞ்சினுக்கு உலக ரெக்கார்டு போட்ட மல்லார்ட் அங்க இருக்கு, நீலக் கலர்ல முன்பக்கம் சரிவா இருக்கும். ஜப்பான்ல இருந்து வந்த பழைய ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில் பெட்டி ஒண்ணும் இருக்கு, உள்ளயே ஏறி உக்காரலாம். விக்டோரியா ராணியோட ராயல் பெட்டியும் இவங்க கிட்ட தான் இருக்கு, அது எந்த ஹால்ல, அன்னிக்கு திறந்திருக்கான்னு கவுண்டர்ல கேட்டுக்கோங்க. தரை எல்லாம் சமம், உக்கார பெஞ்ச் உண்டு. இன்னொண்ணு, இதே யார்க்ல ஹோல்கேட் ரோட்ல 1884ல இருந்து ரயில் பெட்டி கட்டற பெரிய ஒர்க்ஷாப் ஓடிச்சு, 1996ல மூடிட்டாங்க. ஐசிஎஃப் ஆளுக்கு இதைச் சொல்லிப் பாருங்க, மியூசியத்துல இருக்கற வயசான வாலண்டியர்கள்ல யாராவது அந்தக் காலத்து ரயில்வே ஆளா மாட்டினா ரெண்டு பேரும் போகி, ஸ்பிரிங்னு ஆரம்பிச்சிடுவாங்க, நீங்க அம்மாவைக் கூட்டிட்டு காபி குடிக்கப் போயிடலாம். இந்த மியூசியத்தை ஒரு மணி நேரத்துல முடிக்கணும்னு மட்டும் நினைக்காதீங்க, அன்னிக்கு மதியத்தையே இதுக்கு விட்டுடுங்க.

சாயங்காலம் மியூசியம் கார்டன்ஸ் போதும். இதுக்கும் டிக்கெட் இல்ல. செயின்ட் மேரீஸ் ஆபிங்கற பழைய மடத்தோட இடிஞ்ச சுவர், ரோமன் காலத்துக் கோபுரம், அணில், புல்தரை, பக்கத்துலயே ஊஸ் ஆறு. கால் ஒத்துழைச்சா லெண்டல் பாலத்துக்கிட்ட படகு ஏறி ஒரு சுத்து வரலாம், உக்காந்தபடியே ஊர் பாத்த மாதிரி.

ராத்திரி சாப்பாடு பத்தி ரெண்டு எச்சரிக்கை சொல்லிடறேன், இதை நிறைய பேர் சொல்றதில்ல. யார்க்ஷயர்ல பாரம்பரியமான சிப்ஸ் கடைல மாட்டுக் கொழுப்புல தான் பொரிப்பாங்க, அதை ஒரு பெருமையாவே சொல்லிக்குவாங்க. வெறும் உருளைக்கிழங்கு தானேன்னு அம்மாவுக்கு வாங்கிக் குடுத்துடாதீங்க, எந்த எண்ணெய்னு கேட்டுட்டு வாங்குங்க, வெஜிடபிள் ஆயில்ல பொரிக்கற கடையும் இருக்கு. ரெண்டாவது, யார்க்ஷயர் புட்டிங். பேரைக் கேட்டா இனிப்பு மாதிரி இருக்கும், இனிப்பில்ல, மாவுல முட்டை இல்லாம அது உப்பவே உப்பாது, மேல ஊத்தற கிரேவி பெரும்பாலும் கறிச் சாறு. அப்பா சாப்பிடுவாருன்னா ஒண்ணு வாங்கிப் பாக்கட்டும், சூடா இருக்கற வரைக்கும் நல்லாத் தான் இருக்கும். அம்மாவுக்கு இந்தியன் ரெஸ்டாரன்டே சேஃப், இல்லேன்னா முட்டை போடாத பாஸ்தாவும் தக்காளி சாஸும், சீஸ் வேண்டாம்னு சொல்லிடுங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

ரெண்டாம் நாள் காலைல ஒன்பது மணிக்கெல்லாம் ஷாம்பிள்ஸ் தெருவுக்குப் போயிடுங்க. அந்தக் காலத்துல கறிக்கடைத் தெரு, இப்பவும் சில கடை வாசல்ல கறி தொங்கவிட்ட கொக்கியும், கறி அடுக்கி வெச்ச அகலமான ஜன்னல் பலகையும் இருக்கு, அம்மாகிட்ட அந்த விவரத்தை அப்புறமா சொல்லிக்கோங்க. மாடி எல்லாம் முன்னால துருத்திக்கிட்டு எதிர் வீட்டுக்காரங்க கை குலுக்கற தூரத்துல நிக்கும். பதினொரு மணிக்கு மேல அந்தத் தெருவுல நிக்க இடம் இருக்காது, ஒன்பது மணிக்குப் போனா தெருவே உங்களுக்கு. கல் பாவின தெரு, ஏறி இறங்கி இருக்கும், அப்பா கையைப் பிடிச்சுக்கோங்க. ஊருக்கு நடுவுல பெரும்பாலான தெருவுல பகல்ல வண்டி விடமாட்டாங்க, அதனால "டாக்ஸி எடுத்துக்கலாம்"ங்கற நினைப்பு ஊர் ஓரம் வரைக்கும் தான் உதவும், உள்ள நடந்து தான் ஆகணும். ஊரு சின்னது, அது ஒரு ஆறுதல்.

அங்கிருந்து யார்க் மின்ஸ்டர். இதை மட்டும் விடாதீங்க, டிக்கெட் விலை கொஞ்சம் உறைக்கும், இருந்தாலும். இப்ப நிக்கற கட்டடத்தை 1220 வாக்குல ஆரம்பிச்சு 1472ல தான் முடிச்சாங்க, தாத்தா தொடங்கி பேரனுக்குப் பேரன் முடிச்ச வேலை. உள்ள போய் எல்லாத்தையும் பாக்கணும்னு அலையாம நேரா கிழக்குக் கோடிக்குப் போய் அந்தப் பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு எதிர்ல உக்காருங்க. 1405ல இருந்து 1408க்குள்ள ஜான் தார்ன்டன்ங்கறவர் தலைமைல செஞ்சது, கிட்டத்தட்ட ஒரு டென்னிஸ் கோர்ட் அளவு, உலகம் உண்டானதுல இருந்து அழியற வரைக்கும் பைபிள் கதை முழுக்க கலர் கண்ணாடியில. அதுக்கு அவருக்குக் கிடைச்சது 56 பவுண்டு. வெயில் அடிக்கற காலைல பாத்தா தான் அந்தக் கலர் தெரியும், மதியத்துக்கு மேல சூரியன் மறுபக்கம் போயிடும், நான் காலைல போகச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். கோபுரத்துக்கு 275 படி, சுழல் படி, நடுவுல உக்கார முடியாது, அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம், நீங்களும் உங்க வீட்டுக்காரரும் மட்டும் வேணா ஏறிட்டு வாங்க. தெற்கு வாசலுக்கு வெளிய ரோமன் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் சிலை உக்காந்திருக்கும், 306ல அவர் அப்பா இந்த ஊர்ல செத்துப்போனதும் படை வீரர்கள் இவரை இங்கயே சக்கரவர்த்தின்னு அறிவிச்சாங்க, இது உறுதியான சரித்திரம். ஆனா இதே ஊர்ல ரோமன் படைவீரர் ஆவி நடக்குது, அந்த பப்புல பேய் இருக்குன்னு ராத்திரி நடைப்பயணத்துல கதை சொல்லுவாங்க பாருங்க, அதை ஜாலிக்குக் கேட்டுட்டு விட்டுடுங்க. காசு மிச்சம் பண்ணணும்னா ஒரு வழி இருக்கு, சாயங்காலம் எவன்சாங் வழிபாட்டுக்கு யார் வேணா போகலாம், டிக்கெட் கிடையாது, கோரஸ் பாடற நாளா இருந்தா அந்தப் பாட்டு கல் மண்டபத்துல எதிரொலிக்கறதைக் கேக்கலாம், ஆனா அப்ப எந்திரிச்சு சுத்திப் பாக்கக் கூடாது, அது வழிபாடு.

இப்ப டீ. முதல்ல இடம். யார்க்னாலே எல்லாரும் சொல்றது செயின்ட் ஹெலன்ஸ் ஸ்கொயர்ல இருக்கற பெட்டீஸ்ங்கற டீ ரூம். 1919ல ஹாரோகேட்ல ஃபிரெடெரிக் பெல்மான்ட்ங்கற சுவிஸ்காரர் ஆரம்பிச்சது. அவர் இங்கிலாந்து வந்து இறங்கினப்போ போக வேண்டிய ஊர் பேரை மறந்து தப்பான ரயில் ஏறி பிராட்ஃபோர்டுக்கு வந்துட்டாருன்னு கதை உண்டு, அது கடைக்காரங்களே சொல்ற கதை, அப்படியே நடந்துச்சான்னு யாரும் சத்தியம் பண்ணமாட்டாங்க. கடைப் பேருல இருக்கற அந்த பெட்டிங்கற பொண்ணு யாருன்னும் உறுதியா யாருக்கும் தெரியாது, ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. உறுதியா தெரிஞ்சது, க்வீன் மேரி கப்பலோட 1936 முதல் பயணத்துல போய்ட்டு வந்த பெல்மான்ட் அந்தக் கப்பல் அலங்காரத்துல மயங்கி யார்க் கடையை அதே பாணியில செய்ய வெச்சாரு. கீழ்த்தளத்துல ஒரு கண்ணாடி இருக்கு, ரெண்டாம் உலகப் போர்ல சுத்துவட்டார விமானத்தளத்துல இருந்து வந்த பைலட்டுங்க வைர முனைப் பேனாவால பேர் கீறி வெச்சிட்டுப் போயிருக்காங்க, நூத்துக்கணக்குல. அப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, ஐசிஎஃப் பெட்டியும் சுவிஸ் டிசைன்ல ஆரம்பிச்சது தான், இந்த டீக்கடையும் சுவிஸ்காரர் போட்டது தான். நீங்க டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்ல வாங்கற யார்க்ஷயர் டீ கூட இவங்க குடும்பக் கம்பெனியோட சரக்கு தான்.

ஆனா அங்க தான் போகணுமான்னா, அது உங்க பொறுமையைப் பொறுத்தது. கீழ கஃபேல வந்தவங்க வந்த வரிசைல தான் உக்கார வெப்பாங்க, கியூ வெளிய தெரு வரைக்கும் நிக்கும், முட்டி வலி உள்ளவரை அதுல நிறுத்தாதீங்க. மாடில பெல்மான்ட் ரூம்ல ஆஃப்டர்நூன் டீக்கு புக் பண்ணி போகலாம், விலை கூட, சீக்கிரம் தீந்துடும். அது கிடைக்கலேன்னா அழ வேண்டாம், ஊர்ல பழைய ஹோட்டல், சின்ன டீ ரூம்னு நிறைய இருக்கு, பேரை விட முக்கியம் அவங்க அம்மாவுக்கு என்ன செஞ்சு தருவாங்கன்றது. விலை இடத்துக்கு இடம், மாசத்துக்கு மாசம் மாறும், லண்டன் பெரிய ஹோட்டல்ல கேக்கறதுல பாதி வாக்குல முடியும்னு மனசுல வெச்சுக்கோங்க. ஷாம்பெயின் சேத்து ஒரு ரேட் போட்டிருப்பாங்க, அது வேண்டாம்னா சாதா ரேட் தனியா உண்டு. கிரீம் டீன்னு ஒண்ணு மெனுல இருக்கும், அது ஸ்கோனும் ஜாமும் கிரீமும் டீயும் மட்டும், விலை ரொம்பக் கம்மி. உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் அதைச் சொல்லிட்டு, பெரியவங்களுக்கு மட்டும் மூணடுக்கு சொன்னா பில்லும் குறையும், எல்லாருக்கும் வயிறும் நிறையும். பில்லுல சர்வீஸ் சார்ஜ் சேத்திருந்தா தனியா டிப்ஸ் வெக்க வேண்டியதில்ல.

அம்மா விஷயம் தான் இதுல முக்கியமானது, நிதானமா படிங்க. இங்க மெனுல வெஜிடேரியன்னு எழுதியிருந்தா முட்டை இருக்கலாம்னு அர்த்தம். சைவ சாண்ட்விச்சே முட்டை மயோனைஸ் தான் முதல்ல வரும். கேக் தட்டுல முட்டை இல்லாதது கிடைக்கறதே அபூர்வம். முட்டையை விட மோசம் ஜெலட்டின், மாட்டெலும்பு பன்றித்தோல்ல இருந்து எடுக்கறது, மூஸ், பன்னா கோட்டா, கிளாஸ்ல வர்ற பழ ஜெல்லி, மார்ஷ்மெல்லோ எல்லாத்துலயும் வரும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சில சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்த, பாலை உறைய வெக்கற ரென்னெட் இருக்கும். ஸ்கோன் மேல பளபளன்னு ஒரு மினுக்கு இருக்கே, அது பல இடத்துல முட்டை தடவினது. ஆக நேர்ல போய் "ப்யூர் வெஜ்"னு சொன்னா அங்க யாருக்கும் எதுவும் விளங்காது. ரெண்டு மூணு நாள் முன்னாடியே மெயில் போடுங்க, இப்படி எழுதுங்க: ஒருத்தருக்கு வீகன் (பால் கூட சேராத சைவம்) தட்டு வேணும், முட்டையும் ஜெலட்டினும் அறவே கூடாது, ஆனா பாலும் வெண்ணெயும் கிரீமும் சாப்பிடுவாங்க, அதனால ஸ்கோனுக்கு சாதா கிளாட்டட் கிரீமே வெச்சிடுங்க. இந்தக் கடைசி வரி தான் சூட்சுமம். வெறும் வீகன்னு மட்டும் சொன்னா தேங்காய் எண்ணெயில செஞ்ச ஏதோ ஒரு வெள்ளை கிரீம் வெச்சிடுவாங்க, அதுக்குப் போய் இவ்வளவு தூரம் வரணுமா. கிச்சன் பக்கம் இருந்து சொல்றேன், முன்கூட்டியே எழுதி வந்த சீட்டை நாங்க மதிப்போம், தனியா ஒரு டிரேல பேர் ஒட்டி வெச்சிடுவோம், டேபிள்ல உக்காந்த அப்புறம் சொன்னா கைல இருக்கறதை வெச்சு ஒப்பேத்தறது தான் நடக்கும், பெரும்பாலும் பழமும் வெள்ளரிக்கா சாண்ட்விச்சும் வரும். ஒரே அடுப்பு, ஒரே மேசைல தான் எல்லாமே தயாராகும், அதை எந்த கிச்சனும் இல்லன்னு சொல்ல முடியாது, அம்மா அதைப் பொறுத்துக்குவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

தட்டு வந்ததும் கீழ இருந்து மேல போங்க, முதல்ல சாண்ட்விச், அப்புறம் ஸ்கோன், கடைசியா இனிப்பு. சட்டம் ஒண்ணும் இல்ல, ஆனா சாண்ட்விச் அரை மணியில காஞ்சிடும், ஸ்கோன் சூடு ஆறினா போச்சு. சரக்கு புதுசான்னு நீங்களே கண்டுபிடிக்கலாம். சாண்ட்விச் மூலை லேசா மேல வளைஞ்சிருந்தா வெட்டி ரொம்ப நேரம் ஆச்சு. ஸ்கோனுக்கு நடுவுல இடுப்புல ஒரு வெடிப்பு ஓடியிருக்கணும், கத்தி வேண்டாம், ரெண்டு கையால பிடிச்சு திருகினா அந்த வெடிப்புல தானா ரெண்டா பிரியும், உள்ள பஞ்சு மாதிரி இல்லாம உதிரியா இருக்கும். அந்த வெடிப்பு வரணும்னா குளுந்த வெண்ணெயை விரல் நுனியால மாவுல தேய்ச்சு, பிசையாம சும்மா ரெண்டு மடிப்பு மடிச்சு, அச்சால நேரா கீழ அழுத்தி வெட்டணும், அச்சைத் திருகினா ஓரம் ஒட்டிக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சு எழும்பும். நேத்து போட்டதை மைக்ரோவேவ்ல சூடு பண்ணிக் குடுத்தா முதல் அஞ்சு நிமிஷம் மெத்துனு இருக்கும், ஆறினா ரப்பர். அப்படி வந்தா கூச்சப்படாம திருப்பி அனுப்புங்க. கிளாட்டட் கிரீம் வேற ஒண்ணும் இல்ல, நம்ம வீட்டுல மெதுவா காய்ச்சின பால் மேல படியற ஆடை மாதிரி தான், கெட்டியா, மஞ்சப் பூத்து, கொழுப்பே 55 சதவீதத்துக்குக் குறையாம இருக்கணும்னு கணக்கு. அம்மாவுக்கு அது கண்டிப்பா பிடிக்கும். ஜாம் முதல்லயா கிரீம் முதல்லயான்னு கார்ன்வால்காரங்களும் டெவன்காரங்களும் சண்டை போட்டுக்குவாங்க, யார்க்ஷயர்ல அதெல்லாம் யாரும் பாக்கறதில்ல.

டீ தான் நம்ம ஊர் ஆளுங்க முகம் சுளிக்கற இடம். காய்ச்சின டீ வராது, டீ பாட்ல (கெட்டில் மாதிரி ஜாடி) இலை போட்டு சுடுதண்ணி ஊத்தி வடிகட்டியோட வெப்பாங்க, பால் தனியா ஜில்லுனு வரும். ஏர்ல் கிரேல பெர்கமாட்ங்கற எலுமிச்சை வகைப் பழ வாசனை, நம்மாளுக்கு சோப்பு வாசனைன்னு தோணும், டார்ஜிலிங் ரொம்ப லேசு. அப்பா அம்மாவுக்கு அஸ்ஸாம் சொல்லுங்க, அஞ்சு நிமிஷம் பாட்டை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிடுங்க, பாலை சூடு பண்ணி வேணும்னு கேட்டா பெரும்பாலும் தருவாங்க. ரெண்டாவது கப் கசக்கும், இலை உள்ளயே ஊறிக்கிட்டிருக்கும் இல்ல, அதுக்குத் தான் பக்கத்துல வெறும் சுடுதண்ணி ஒரு ஜக்ல வெச்சிருப்பாங்க, கலந்துக்கோங்க. டீ தீந்தா இன்னொரு பாட் பெரும்பாலும் காசில்லாமயே வரும், ஆனா கேட்டுக்கோங்க. மிச்சம் ஆனதை டப்பால போட்டுத் தரச் சொல்லி கேக்கறதுல ஒரு வெக்கமும் இல்ல, வெள்ளைக்காரங்களே கேப்பாங்க. இந்த வழக்கம் 1840 வாக்குல பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா சாயங்காலப் பசிக்கு ஆரம்பிச்சதுன்னு எல்லா மெனு கார்டுலயும் அச்சடிச்சிருப்பாங்க, அந்தப் பழக்கத்தை மேல்தட்டு வட்டாரத்துல பரப்புனதுல அவங்க பங்கு இருக்கலாம், ஒத்தை ஆளா கண்டுபிடிச்சாங்கன்றது நம்பற மாதிரி இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே மத்தியானம் டீ குடிக்கறது இருந்திருக்கு.

டீ முடிஞ்சு மூணு மணிக்கு மேல வயிறு நிறைஞ்ச நிலையில பெரிய வேலை எதுவும் வெக்காதீங்க. உங்க லிஸ்ட்ல இருக்கற கோட்டைச் சுவர், மொத்தம் 3.4 கிலோமீட்டர், இலவசம், முழுசா சுத்தணும்னு ஆசைப்படாதீங்க, பூத்தம் பார்ல இருந்து மங்க் பார் வரைக்கும் (இங்க பார்னா பழைய கோட்டை வாசல்) ஒரு துண்டு போதும், மின்ஸ்டரோட பின்பக்கமும் தோட்டமும் அங்கிருந்து தான் அழகா தெரியும். ஏற இறங்க படி தான், லிஃப்ட் கிடையாது, சில இடத்துல உள்பக்கம் கைப்பிடிச் சுவரும் இருக்காது, அதனால அப்பா கீழ ஒரு பெஞ்ச்ல உக்காரட்டும், நீங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போய் மெதுவா நடந்துட்டு வாங்க. கிளிஃபோர்ட்ஸ் டவர் மேட்டு மேல, படி செங்குத்து, கீழ நின்னு பாத்தாலே போதும். 1190ல அந்த மேட்டுல ஊர்க் கும்பலுக்குப் பயந்து ஒளிஞ்ச யூதர்கள் 150 பேர் வாக்குல செத்துப்போனாங்க, அதைத் தெரிஞ்சுக்கிட்டு பாக்கறது நல்லது, இப்ப நிக்கற கல் கோபுரம் அதுக்கு அப்புறம் கட்டினது. யோர்விக் வைக்கிங் சென்டரை மழை வந்தா வெச்சுக்கோங்க, உக்காந்தபடி வண்டில போய் பழைய ஊரைப் பாக்கறது, முட்டிக்கு நல்லது, ஆனா அந்தக் காலத்து நாத்தத்தையும் சேத்தே செஞ்சு வெச்சிருக்காங்க, அம்மா மூக்கைப் பொத்திக்க வேண்டி வரும். சாக்லேட் மியூசியம், காசில் மியூசியம், மத்த பழைய வீடு எல்லாத்தையும் அடிச்சிடுங்க. கிட்கேட் இந்த ஊர்ல ரவுன்ட்ரீ கம்பெனி 1935ல போட்டதுன்னு அம்மாகிட்ட சொல்லி ஒண்ணு வாங்கிக் குடுத்தா அந்தக் கணக்கும் முடிஞ்சுது. காலு மிச்சம் இருந்தா எவன்சாங், இல்லேன்னா நேரா ஸ்டேஷன். ரயிலை ஏழு மணிக்கு மேல போட்டு வையுங்க, ஓட வேண்டியிருக்காது.

சேலை பத்தி கேட்டிருந்தீங்க. தாராளமா கட்டட்டும், யார்க்ல டீ ரூம்ல டிரெஸ் கோட்னு பெருசா கிடையாது, லண்டன்ல சில ஹோட்டல்ல ஆம்பளைங்களுக்கு கோட் கேப்பாங்க, இங்க சுத்தமா இருந்தா போதும். பட்டு வேண்டாம், மழைல நனைஞ்சா வீணாயிடும், காட்டனோ சிந்தெட்டிக்கோ கட்டி மேல ஒரு ஸ்வெட்டர், கணுக்காலுக்கு கொஞ்சம் மேல தூக்கிக் கட்டினா கல்லு தெருவுல தடுக்காது. செருப்புக்குப் பதிலா சாக்ஸும் தட்டையான ஷூவும், அதுக்கு அம்மா ஒத்துக்கலேன்னா ரயில் ஏறறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடுங்க.